பன்னிரண்டு சுற்றும் சத்தமில்லாமல்

என் மச்சான் பஸ் ஓட்டுகிறவன். நான் பேக்கரி வைத்திருக்கிறேன். அவன் தங்கையை நான் கட்டுவதற்கு முன்பே நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். அதனால் எங்களுக்குள் மரியாதைப் பேச்செல்லாம் கிடையாது. எங்களை நெருக்கமாக்கியது குத்துச்சண்டை. மூன்று வாரம் பேசாமல் வைத்ததும் அதே குத்துச்சண்டைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வியாபாரம் ஒன்பதரைக்கு ஓய்ந்துவிடும். பூமியின் மறுபக்கத்தில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற பெரிய சண்டைகள் எங்களுக்கு அந்த நேரத்துக்குத்தான் வரும். அடுப்புக்குப் பின்னால், மைதா மூட்டைகளுக்கும் தட்டு ரேக்குக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. ஒரு டிவி, இரண்டு நாற்காலி, ஆளுக்கொரு பென்சில், ஆளுக்கொரு கேக் பெட்டி அட்டை. ஒவ்வொரு சுற்றுக்கும் நாங்களே மார்க் போடுவோம். முறை லேசானது. சுற்றை ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்கு ஒன்பது. கீழே விழுந்தால் இன்னும் ஒன்று குறையும். பன்னிரண்டு சுற்றும் முடிந்து நடுவர்கள் தீர்ப்பைப் படிப்பதற்குள் கூட்டி எழுதி அட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும்.

எங்கள் ரசனை வேறு வேறு. எனக்கு இடிக்கிறவனைப் பிடிக்கும். மச்சானுக்கு நழுவுகிறவனைப் பிடிக்கும். "தலைய ஒரு இஞ்ச் நகத்துறான் பாரு, அங்க இருக்குடா வித்தை" என்பான். இடது கையால் சட் சட்டென்று தொட்டுவிட்டுப் போகும் சின்னக் குத்துகளை அவன் எண்ணுவதைப் பார்க்க வேண்டும். எனக்கு அவை கண்ணிலேயே படாது. இருபது வருடத்தில் நடுவர்களின் தீர்ப்போடு அதிகம் ஒத்துப்போனது அவன் அட்டைதான். அதை நான் அவனிடம் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

என் மனைவி சட்டை தைக்கும் ஃபாக்டரியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் சட்டையில் விட்டுப்போன தையலைக் கண்டுபிடித்து ஓரங்கட்டும் வேலை. ஞாயிற்றுக்கிழமை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னும் ரெண்டு பேருமே உயிரோடதான் இருக்காங்களா?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அவ்வளவுதான் அவளுக்கும் குத்துச்சண்டைக்கும் இருந்த உறவு.

அந்த ஞாயிறு நடந்தது நாங்கள் ஆறு மாதமாகக் காத்திருந்த சண்டை. ஒருவனுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் சம்மட்டி. இன்னொருவன் விலாங்கு. பெயரே போதும், யார் எப்படி என்று தெரிந்துவிடும். சண்டை சம்மட்டியின் சொந்த ஊரில். அவன் தோளை அசைத்தாலே அரங்கம் அதிர்ந்தது.

நான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மார்க் போட்டேன். எனக்குப் பிடித்தவன் சம்மட்டிதான். ஆனாலும் அவன் வீசியதில் பாதி விலாங்கின் கையுறையில்தான் பட்டது. 115-113, விலாங்கு. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். அப்பாடா என்று மச்சானின் அட்டையைத் திருப்பினேன்.

117-111. சம்மட்டிக்கு.

"என்ன மச்சான் இது? ஒன்பது சுத்து அவனுக்கா?"

"ஆமா. அடிச்சான்ல?"

"எங்க அடிச்சான்? எல்லாம் கையில வாங்கிட்டான் விலாங்கு. அஞ்சாவது சுத்துல விலாங்கு இடது கையாலயே பத்து குத்து விட்டானே, அதக்கூடவா விட்டுட்ட?"

"எனக்குத் தெரிஞ்சத நான் போட்டேன். ஒனக்கு என்ன வந்துச்சு?"

"இருபது வருசமா எனக்கு வித்தையப் பத்திப் பாடம் எடுத்தவன் நீ. இன்னிக்கு ஒனக்கு என்ன, கண்ணு அவிஞ்சு போச்சா?"

இதைவிட மோசமாகவெல்லாம் நான் அவனைத் திட்டியிருக்கிறேன். அவனும் என்னைத் திட்டியிருக்கிறான், என் பன்னையும் சேர்த்து. ஆனால் அன்று அவன் திருப்பிப் பேசவில்லை. முகம் வெளுத்தது. எழுந்து, ரேக்கைக் கையால் தடவியபடி வெளியே போய்விட்டான். டீ அப்படியே இருந்தது.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. போன் செய்தால் அவன் மனைவி எடுத்து, "முதுகு வலிண்ணே, படுத்திருக்காரு" என்றாள். வறட்டு கௌரவம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அது குறைவில்லாமல் இருந்தது. தோற்றவன்தானே முதலில் வர வேண்டும்?

மூன்றாவது ஞாயிறு, என் பக்கம்தான் நியாயம் என்று யாருக்காவது நிரூபித்தே ஆக வேண்டும் போலிருந்தது. பதிவுசெய்து வைத்திருந்த அந்தச் சண்டையைப் போட்டு, மனைவியை மச்சானின் நாற்காலியில் உட்காரவைத்தேன். அவன் அட்டையையும் அவள் கையில் கொடுத்தேன்.

"நீயே பாரு. ஒங்க அண்ணன் போட்ட மார்க்கையும் பாரு. அடுக்குமா இது?"

முதல் இரண்டு சுற்றை அவள் சும்மா பார்த்தாள். மூன்றாவதில் அட்டையைக் கிட்டே வைத்துக்கொண்டாள். ஐந்தாவது முடிந்ததும், "சத்தத்தக் கொறைங்க" என்றாள். சத்தமில்லாமல் அதே சுற்றைத் திரும்பப் போடச் சொன்னாள். பிறகு மறுபடி சத்தத்தோடு. ஃபாக்டரியில் ஒரு சட்டையை இப்படித்தான் உள்ளும் புறமும் திருப்பிப் பார்ப்பாள் போலிருக்கிறது.

"சத்தம் இல்லாம பாத்தா இந்தப் பையன்தான் நல்லா அடிக்கிறான்," என்று விலாங்கைக் காட்டினாள். "சத்தத்தோட பாத்தா அவன் அடிக்கிற மாதிரி இருக்கு. கையில பட்டாக்கூட எல்லாரும் கத்துறாங்க."

"அதான் சொந்த ஊரு."

"அண்ணன் அவனுக்குப் போட்ட சுத்து எல்லாமே கூட்டம் ரொம்பக் கத்துன சுத்துங்க." அவள் அட்டையை மடியில் வைத்தாள். "அண்ணன் பாக்கலைங்க. கேட்டுக்கிட்டு இருந்திருக்கு."

கொஞ்ச நாளாக அவன் நாற்காலியை டிவிக்குக் கிட்டே இழுத்துப் போட்டதை, ஃபேன் காற்று வரவில்லை என்று அவன் சொன்னதை, "எத்தனாவது சுத்து மாப்ளே?" என்று திரையிலேயே பெரிதாக எழுதியிருந்ததை அவன் என்னிடம் கேட்டதை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துப் பார்த்தேன். அந்த ஆள் தினமும் ஐம்பது அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறானே.

கடையைப் பூட்டிவிட்டு இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். முதுகு வலிக்காரன் மாதிரி இல்லை. என்னைப் பார்த்ததும், இல்லை, என் குரலைக் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அங்கே இருந்த டிவியில் ஏதோ ஒரு பழைய சண்டையைப் போட்டு, சத்தத்தை முழுக்க அடைத்தேன். பென்சிலை அவன் கையில் வைத்தேன்.

"ஒரே ஒரு சுத்து மச்சான். மார்க் போடு."

அவன் முன்னால் குனிந்தான். மூன்று நிமிடமும் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். திரையில் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மணி அடித்தது எங்களுக்குக் கேட்கவில்லை, உதவியாளர்கள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவன் பென்சிலைக் கட்டில்மேல் வைத்தான்.

"சத்தம் வை மாப்ளே," என்றான்.

நான் வைக்கவில்லை. அவன் தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தன நாளாண்ணே?"

"எட்டு மாசம் இருக்கும். இடது கண்ணு முழுசா மூடுன மாதிரி. சோத்துப் பானை மூடியத் தொறந்தா கண்ணாடியில ஆவி படியுமே, அப்படி. இப்ப வலதும் ஆரம்பிச்சிருச்சு."

"அதோட வண்டிய எடுத்தியா நீ?" என்று கத்திவிட்டேன்.

"ரூட்டு மனப்பாடம்டா. பள்ளம் மேடு எல்லாம் தெரியும். சமாளிச்சிரலாம்னு நெனச்சேன். அந்தச் சண்டைக்கு மொத நாள் ஒரு ஸ்டாப்புல ஒரு அம்மா கை காட்டிக்கிட்டு நின்னுருக்கு. எனக்குத் தெரியல. வண்டிய எடுத்துட்டேன், அது கதவப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்துருக்கு. கண்டக்டர் கத்துனப்பறம்தான் நிறுத்துனேன். ராத்திரி பூரா தூக்கமில்ல. மறுநாள் நீ வேற அப்படிக் கேட்ட." மூக்கை உறிஞ்சினான். "அன்னையிலேருந்து வண்டிய தொடல. முதுகு வலின்னு லீவு சொல்லிட்டேன்."

நான் சாதாரணமாக விட்ட வார்த்தை எங்கே போய் இறங்கியிருக்கிறது. எனக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"டாக்டர்கிட்ட போயிருக்கலாம்ல?" என்றாள் அவன் மனைவி. அவளுக்கும் இது அன்றுதான் முழுதாகத் தெரிகிறது என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"போனா என்ன சொல்லுவாங்க? அப்பாவுக்குச் சொன்னதுதான். இனிமே வராதும்பாங்க. அதக் கேக்காம இருக்கற வரைக்கும் கேக்காம இருப்போம்னு பாத்தேன்."

என் மாமனார் கடைசி ஆறு வருடம் பார்வையில்லாமல் இருந்தவர். சுவரைத் தடவிக்கொண்டு நடந்தவரை இந்த அண்ணனும் தங்கையும் கைபிடித்து அழைத்துப் போயிருக்கிறார்கள். என் மனைவி அழவில்லை.

"அப்பாவுக்கு வந்ததுதான் ஒனக்கும் வந்துருக்குன்னு நீயே எப்படி முடிவு பண்ணுன? நாளைக்குக் காலையில ஏழரைக்குக் கெளம்பி இரு. நான் லீவு போடறேன்."

"அதுக்குள்ள என்னடி அவசரம்?"

"ஏழரைண்ணே."

மறுநாள் கண் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சொட்டு மருந்து விட்டார்கள், வெளிச்சம் அடித்தார்கள், இன்னொரு அறைக்கு அனுப்பினார்கள், மறுபடி சொட்டு மருந்து. டாக்டரம்மா ரொம்பச் சின்ன வயசு. படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"நீங்க சொல்றதப் பாத்தா உங்க அப்பாவுக்கு இருந்தது நரம்புக் கோளாறு. உங்களுக்கு நரம்பு நல்லா இருக்கு. ரெண்டு கண்ணுலயும் புரை. எடுத்துட்டு வேற லென்ஸ் வெச்சா பார்வை நல்லாவே வரும். மொதல்ல இடது, ஒரு மாசம் கழிச்சு வலது."

மச்சான் கன்னத்தில் வழிந்த சொட்டு மருந்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "பாக்ஸிங் பாக்கலாமா டாக்டர்?" என்றான்.

"பாக்கலாம். பண்ணத்தான் கூடாது."

அந்த அறையில் அவன் சிரித்த சிரிப்புக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காரிடாரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். பிடி தேவைக்கு மேல் இறுக்கமாக இருந்தது.

இடது கண்ணின் கட்டைப் பிரித்த மறுநாள் பேக்கரிக்கு வந்தான். வாசலிலேயே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஒனக்கு எப்படா இவ்வளவு நரைச்சுது?"

"நீ பாக்காதப்பதான்."

"செவுரு இவ்வளவு அழுக்கா இருக்கு. இங்கதான் நம்ம பசங்க திங்கிற ரொட்டியச் சுடறியா?"

அந்த வாரமே சுவருக்கு வெள்ளை அடித்தேன். அடிக்காவிட்டால் அவன் வாய் ஓயாது.

வலது கண்ணும் ஆறிய பிறகு ஒரு ஞாயிறு, அந்தச் சண்டையைப் பன்னிரண்டு சுற்றும் சத்தமில்லாமல் பார்ப்பது என்று முடிவானது. இந்தமுறை மூன்று நாற்காலி. என் மனைவி தனக்கும் ஒரு அட்டை கேட்டாள். மச்சான் நாற்காலியைப் பின்னால் தள்ளிப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். இரண்டாவது சுற்றில் விலாங்கின் இடது கை மின்னியபோது, "ஒண்ணு. ரெண்டு. ஆஹா, மூணு!" என்று தொடையைத் தட்டினான். மாதக்கணக்கில் அந்த எண்ணிக்கையைக் கேட்கவில்லை நான். கண்ணில் மாவுத் தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

அட்டைகளைத் திருப்பினோம். மச்சான் 116-112, விலாங்குக்கு. நான் பழையபடியே 115-113. என் மனைவி 114-114.

"சமமா?" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"ரெண்டு பேரும் மூஞ்சியத்தான் பாக்குறீங்க," என்றாள். "ஒம்பதாவது சுத்தப் போடுங்க."

போட்டேன். அவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தாள். சம்மட்டி முழங்கைக்குக் கீழே, விலா எலும்பில், சின்னச் சின்னதாக இடித்துக்கொண்டிருந்தான். கூட்டமே கவனிக்காத குத்துகள். ஒவ்வொன்றுக்கும் விலாங்கின் வாய் கொஞ்சம் திறந்து மூடியது. பத்தாவதிலும் அதேதான். இருபது வருடம் பார்த்த நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்ததில்லை.

"அது கணக்குல வராது," என்றான் மச்சான்.

"ஏன் வராது? ஒன்ன ஒருத்தன் அங்க குத்துனா சும்மா இருப்பியா?"

"சுத்தமான குத்தா இருக்கணும்ல!"

"அது சுத்தமாத்தான் இருக்கு. நீ கண்ணத் தொறந்து பாரு!"

சொல்லிவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டீ ஆறிப்போய், மத்தியானச் சாப்பாடும் தள்ளிப்போய், அந்த ஒன்பதாவது சுற்று பதினோரு தடவை ஓடியது. முடிவு மட்டும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து டிப்போவின் கண் பரிசோதனை. வரிசை வரிசையாக எழுத்து. கடைசி வரியையும் தாண்டி, அச்சடித்த கம்பெனியின் பெயரையும் படித்துக் காட்டியதாக அவன் சொல்கிறான். அதில் பாதி புருடாவாக இருக்கலாம். ஆனால் பேப்பரில் 'தகுதி' என்று போட்டுக் கையெழுத்து இருந்ததை நானே பார்த்தேன்.

அவன் வண்டி எடுத்த முதல் திங்கட்கிழமை, ரொட்டி வேலையை முடித்துவிட்டு நானும் என் மனைவியும் ஏறிக்கொண்டோம். அவளை ஃபாக்டரியில் இறக்கிவிடுவதாகச் சாக்கு. டிரைவரோடு பேசக் கூடாது என்று எழுதியிருந்ததால் நாங்கள் இருவரும் அவன் காதில் விழுகிற மாதிரி எங்களுக்குள் பேசிக்கொண்டோம். ஒன்பதாவது சுற்று யாருக்கு என்று. அவன் கண்ணாடியில் எங்களை முறைத்தான், பதில் சொல்ல முடியாமல்.

எனக்குப் பின்சீட்டில் நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற களைப்பு முகத்தில் தெரிந்தது. முன்னால் குனிந்து, "சார், நானும் அந்தச் சண்டையப் பாத்தேன். ஒன்பதாவது சுத்து சம்மட்டிக்குத்தான்," என்றாள். எங்கள் பேச்சிலிருந்தே அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்ல!" என்று என் மனைவி திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கெழம ஒம்பதரைக்கு நீங்க சும்மாவா இருப்பீங்க?"

சிக்னலில் சிவப்பு விழுந்தது. மச்சான் வண்டியைக் கோட்டுக்கு முன்னாலேயே பதமாக நிறுத்திவிட்டு, உடம்பை முழுக்கத் திருப்பினான்.

"வாங்கம்மா," என்றான். "ஆனா பத்தாவது சுத்தப் பத்தி உங்க அபிப்பிராயத்த இப்பவே சொல்லிருங்க. பச்சை விழ இன்னும் நாப்பது செகண்டு இருக்கு."