ஒக்கெண்டனின் புகைக்குழாய்

இரண்டாம் உலகப் போரில், எதிரியின் உளவு விமானங்கள் இங்கிலாந்தின் மேல் எட்டாத உயரத்தில் உலவித் திரிந்த காலம். காற்று மெலிந்த அந்த உயரத்தில் அவற்றைத் துரத்திப் பிடிக்க வேண்டுமானால், விமானியை ஊறுகாய் ஜாடியில் அடைப்பதுபோல் காற்றோடு சேர்த்து அடைத்து மேலே அனுப்ப வேண்டும். பொறியாளர் பில்லிங் அப்படியொரு ஜாடியைக் கட்டி முடித்திருந்தார். அதில் அமரப்போகிறவன் ஒக்கெண்டன். பேச்சிலும் இடுப்பளவிலும் தாராளமானவன்.

நேற்றுவரை கசியாத அந்த விமானி அறை, இன்று காலையிலிருந்து காற்றை இழந்துகொண்டிருந்தது. மாலையில் அமைச்சகத்து அதிகாரி வருகிறார். அதற்குள் ஓட்டை அகப்படாவிட்டால் இந்த விமானம் கிடப்பில் போடப்படும். ஒக்கெண்டன் பழையபடி, பீரங்கிப் பயிற்சிக்காக இலக்குத் துணியை விமான வாலில் கட்டி இழுத்துப் பறக்க வேண்டியதுதான்.

உள்ளே அவன் உட்கார்ந்திருக்க, வெளியிலிருந்து மூடியைத் திருகி, உள்ளே காற்றை ஏற்றும் பம்பை ஓடவிட்டார்கள். பட்டறைத் தொழிலாளி திருமதி டாப்ஸ் ரேஷன் சோப்பைக் கரைத்து மூட்டு மூட்டாகத் தடவினார். ஒரு குமிழிகூட எழவில்லை.

"அந்தப் பித்தளைத் தகட்டையும் பாத்துடவா, சார்?"

"அதைத் தொட்டீங்க, தோலை உரிச்சுடுவேன்! நேத்து ராத்திரி நானே மாட்டி, நானே தேய்ச்சது." அறையின் வெளிச்சுவரில் திருகியிருந்த தகட்டில் பில்லிங்கின் பெயர் பளபளத்தது.

அப்போது தேநீர் மணி அடித்தது. குண்டு விழுந்தாலும் அந்தப் பட்டறையில் தேநீர் தள்ளிப்போனதில்லை. அனைவரும் கோப்பைகளை நோக்கி நடந்தார்கள். ஜாடிக்குள் ஒருவன் இருப்பது எவருக்கும் நினைவில்லை.

ஒக்கெண்டன் கண்ணாடியைத் தட்டினான், கத்தினான். பிறகு காலுறைக்குள்ளிருந்து புகைக்குழாயை எடுத்தான். 'இன்னொரு தடவை இதோட பாத்தேன்னா வேற விமானிதான்' என்று பில்லிங் முந்தாநாள்தான் எச்சரித்திருந்தார். ஆனால் தேநீரற்ற மனிதனுக்கு ஏதாவது ஓர் ஆறுதல் வேண்டாமா?

இரண்டு இழுப்பு இழுத்தான். வெளிவந்த புகை கூரைக்குப் போகவில்லை. மெலிந்த நூலாகி, தகட்டின் திருகாணிகள் உள்ளே எட்டிப் பார்த்த இடத்துக்கு விரைந்து, சுவருக்குள் மறைந்தது.

ஒக்கெண்டன் சிரித்துவிட்டான். அதே நேரம் எல்லோரும் திரும்பி வருவது கண்ணாடி வழியே தெரிந்தது. குழாயை ஒளித்தால் அவன் தப்பலாம். ஆனால் புகையில்லாமல் சொன்னால், பில்லிங் தம் செல்லத் தகட்டின்மேல் பழி விழ விடுவாரா? வந்தது வரட்டும் என்று கன்னம் உப்ப ஊதித் தள்ளினான்.

"ஐயோ, நெருப்பு!" என்று அலறினார் டாப்ஸ். பில்லிங்கின் பெயரைச் சுற்றி நான்கு மூலையிலும் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

பம்பை நிறுத்தி மூடியைத் திறந்தார்கள்.

"ஒக்கெண்டன்! என்னய்யா இது?"

"உங்க ஓட்டை, சார். நாலு. நீங்களே போட்டது."

பில்லிங் தகட்டைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். அவர் காது மடல்கள் சிவந்தன. திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்றினார். துளைகளை அடைக்கச் சொன்னார்.

"புகையா? நான் எதையும் பாக்கலையே," என்றார் கடைசியில்.

"தகடா? நானுந்தான் பாக்கல," என்றான் ஒக்கெண்டன்.

"நான் ரெண்டையும் பாத்தேன், கண்ணுங்களா," என்றார் டாப்ஸ், சோப்பு வாளியைத் தூக்கிக்கொண்டே. "சனிக்கிழமை எம் பொண்ணுக்குக் கல்யாணக் கேக்கு. ஆளுக்கு ஒரு வார ரேஷன் சர்க்கரையைக் குடுத்துடுங்க."

மாலையில் அறை கசியவில்லை. அடுத்த வாரம் ஒக்கெண்டன் மேகங்களுக்கு மேலே பறந்தான். கீழே பில்லிங் சர்க்கரையில்லாத தேநீரை முகம் சுளித்துக் குடித்தார்.