கொக்கியின் நிழல்

வேலையிடத்தில் அவரை எல்லோரும் மேலோகத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கிரேன் கேபினுக்குள் ஏறினால் சாயங்காலம்தான் மண்ணை மிதிப்பார். சாப்பாடு டப்பாவில், பேச்சு வாக்கி டாக்கியில். கீழே இருப்பவர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். அவர் கண்ணில் படுவது மட்டும் கீழே யாருக்கும் தெரியாது.

பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு விளிம்பு. அங்கே வல்லூறு ஒன்று கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. இரை கொண்டுவந்தது ஒற்றைப் பறவைதான். அதன் ஜோடியை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்குமுன் அவை தின்றாயிற்றா என்று எட்டிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கீழே சொன்னால் ஆளாளுக்கு வேடிக்கை பார்க்க ஏறுவார்களே என்று வாயைத் திறக்கவில்லை.

கீழே வெல்டரிடம் ஒரு நொண்டிப் புறா ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேனேஜர் என்று பெயர். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வரும், எல்லோரையும் ஒரு பார்வை பார்க்கும், ஒரு வேலையும் செய்யாமல் தின்றுவிட்டுப் போகும். வேறென்ன பெயர் வைப்பது?

ஒருநாள் மதியம் வல்லூறு மேனேஜரைத் தூக்கிவிட்டது. வாக்கி டாக்கி அலறியது.

"அய்யோ, மேனேஜரைத் தூக்கிட்டுப் போகுது! மேலோகத்தாரே, விடாதீங்க!"

அது எங்கே போகிறது, யாருக்காகப் போகிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனாலும் பத்துப் பேர் தன்னை நம்பிக் கத்தும்போது கை சும்மா இருக்கவில்லை. வெறுங்கொக்கியோடு கிரேனை வேகமாகச் சுழற்றினார். செய்யவே கூடாது என்று இருபது வருஷமாகப் புது ஆட்களுக்கெல்லாம் அவரே தலையில் அடித்துச் சொல்லிவந்த காரியம் அது. ஆடிவந்த இரும்புக்கயிறு வல்லூற்றின் இறக்கையில் பட்டது. புறா மணல் குவியலில் விழுந்து பிழைத்தது. வல்லூறு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே கூரைகளுக்கு அப்பால் இறங்கியது. திரும்பி வரவில்லை.

சாயங்காலம் இறங்கியவரைத் தோளில் தூக்காத குறை. "நீங்க கடவுள் மாதிரிண்ணே!" என்று வெல்டர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் குஞ்சுகளைப் பற்றிச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், தாயும் வந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் கம்பிக்கட்டோடு கொக்கி அந்தப் பக்கம் போனது. அதன் நிழல் விளிம்பில் விழுந்ததும் இரண்டு தலைகளும் எழும்பி வாயைப் பிளந்தன. அம்மா வந்துவிட்டாள் என்று நினைத்தன. அதன்பிறகு அவர் ஒவ்வொரு சுமையையும் மறுபக்கமாக, ஊரைச் சுற்றிக் கொண்டுபோனார்.

"ஏன் சார் தலையைச் சுத்தி மூக்கைத் தொடறீங்க? நேரா வந்தா பாதி நேரம்தானே?" என்றார் என்ஜினியர்.

"காத்து சரியில்ல சார்."

ஓர் இலைகூட அசையவில்லை. மூன்றாம் நாள் ஒரு தலைதான் தெரிந்தது. நான்காம் நாள் ஒன்றும் தெரியவில்லை.

அன்று மதியம் வழக்கமில்லாமல் கீழே இறங்கி, வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். வெல்டரின் கை டப்பாவிலேயே நின்றுவிட்டது. காலடியில் மேனேஜர் பருக்கை பொறுக்கிக்கொண்டிருந்தது.

"அந்தக் கட்டட வாட்ச்மேன் என் மச்சான்தான்ணே" என்றார் வெல்டர் மெதுவாக. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாவி வாங்கிட்டு நானே மேல ஏறியிருப்பேனே. பிள்ளைங்களுக்குத்தானே அது இதைத் தூக்கினது?"

இதைவிடத் திட்டியிருக்கலாம். அவர் எழுந்துபோய் ஏணியைப் பிடித்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு முதல் சுமையை நேர்வழியிலேயே கொண்டுபோனார். கொக்கியின் நிழல் விளிம்பின்மேல் ஏறி, கூட்டின்மேல் ஊர்ந்து, அப்பால் இறங்கியது. எதுவும் தலை தூக்கவில்லை.

"பார்த்தீங்களா, இப்ப எவ்வளவு சீக்கிரம்!" என்றார் என்ஜினியர் வாக்கி டாக்கியில். "காத்து நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு சார்."