சிவக்கொழுந்து ரீச்சரும் மணியடித்த பெட்டியும்

"உடைச்சுப்போட்டுத்தான் ஓய்வியளோ ரீச்சர்? மெல்லமாத் தட்டுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"மணியடிச்சால் வரி முடிஞ்சுது. இருபத்திரண்டு வருசமா எனக்குத் தெரியும் மாஸ்டர். நீங்கள் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்."

படிப்பிக்கத்தான் அவரைக் கூட்டி வந்திருந்தார்கள் என்பதை இருவருமே மறந்துபோனார்கள். கொடிகாமம் மரக்கறிச் சங்கத்தின் யன்னலில் தொங்கிக்கொண்டு நின்ற சனமோ சந்தைக்கு எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டது.

எண்பத்தாறாம் ஆண்டு அது. வெளிநாட்டு உதவியாகச் சங்கத்துக்கு ஒரு கொம்பியூட்டர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை தலைவர் இராசநாயகத்துக்கு முன்னால், பெட்டி தந்தவர்களுக்கான நன்றிக் கடிதத்தை அதிலேயே அடித்துக்காட்ட வேண்டும். தவறினால் சிவக்கொழுந்தின் ரைப்பிஸ்ற் வேலை தலைவரின் தங்கச்சி மகளுக்கு. அந்தப் பிள்ளை யாழ்ப்பாணம் போய் மூன்று மாதம் கொம்பியூட்டர் படித்தவளாம். படித்தாளோ, பஸ்ஸில் போய் வந்தாளோ, யார் கண்டது?

சிவக்கொழுந்துக்கு நாற்பத்திரண்டு வயது. தனிக்கட்டை. பாதி ஊருக்கு ரைப்பிங் சொல்லிக் கொடுத்தவள். மாஸ்டர் என்பது குருநகர் அடைக்கலநாதன். கொழும்பில் கொம்பியூட்டரோடு வேலை செய்து, எண்பத்துமூன்று கலவரத்தில் அகதியாகக் கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கியவர். அவருக்கும் கலியாணமில்லை. இதைச் சனம் முதல் நாளே விசாரித்துவிட்டது.

ரைப்ரைற்றரில் வரி முடியப்போகிறதென்றால் மணியடிக்கும். இந்தப் பெட்டியோ நினைத்த இடத்தில் கீச்சிட்டது. அவள் மணியென்று எண்ணி வரியை மாற்றினாள். நன்றிக் கடிதம் புதுக்கவிதை மாதிரி முறிந்து முறிந்து இறங்கியது. பிழை விட்டால்தான் கத்துமென்று மாஸ்டர் சொன்னதில் அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. பிழை என்ற சொல்லை அவள் மற்றவர்களுக்குத்தான் சொல்லிப் பழக்கம்.

வியாழக்கிழமை கோபத்தில் ஒரு பந்தி முழுவதையும் ஒரே மூச்சில் அடித்துவிட்டு, வியர்வை துடைக்கக் கையை எடுத்தாள். கை நெற்றியில் இருந்தது. திரையில் எழுத்துகள் இன்னமும் ஓடிக்கொண்டிருந்தன.

மாஸ்டர் கதிரையை இழுத்து நெருங்கினார். இன்னொரு தரம் அடிக்கச் சொன்னார். மறுபடியும் அப்படியே.

"ரீச்சர், பிழை உங்களிலை இல்லை. உங்கடை வேகத்துக்கு ஈடு குடுக்கேலாமல்தான் இது கத்துது."

"அப்ப நான் ஒரு பிழையும் விடேல்லையோ?"

"இல்லை. ஆனால் அது கத்தேக்கை நீங்கள் அடிக்கிற எழுத்து விழாது. வேகத்தைக் குறையுங்கோ. வரியை அது தானாத் திருப்பும்."

அவளுக்கு முகமெல்லாம் மின்னியது. ஆனாலும் வேகத்தைக் குறைப்பது லேசா? விரல்கள் பழக்கப்பட்ட குதிரைகள். கடைசியில் தேவாரமொன்றை வாய்க்குள் முணுமுணுத்து, அந்தக் கதியில் அடித்துப் பார்த்தாள். பெட்டி வாய் திறக்கவில்லை. குருநகர்க் கத்தோலிக்கர் மேசையில் தாளம் போட்டதை நாலுபேர் கண்ணாலே கண்டார்கள்.

வெள்ளிக்கிழமை தேவாரம் முடியக் கடிதமும் முடிந்தது, ஒரு கீச்சும் இல்லாமல். கடிதம் போவது ஒரு அம்மாவுக்கு, ஐயாவென்று எழுதியிருக்கிறதே, முழுவதையும் திருப்பி அடிக்க வேண்டுமே என்று தலைவர் இளக்காரமாகச் சிரித்தார். சிவக்கொழுந்து மேலே போய் அந்தச் சொல்லை மட்டும் அழித்து மாற்றினாள். யன்னலில் நின்ற சனம் ஓவென்றது. தலைவரின் சிரிப்பு எங்கே போனதோ தெரியாது, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குந்தினார்.

"பிள்ளை, என்னையும் ஒருக்காத் தட்ட விடு."

அந்த ஒரு தரம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நீண்டது.

வேலை சிவக்கொழுந்துக்கே நிலைத்தது. வேலை கிடைக்காத தங்கச்சி மகள், அதுவரை தட்டிக்கழித்த நோர்வே மாப்பிள்ளைக்குத் தலையாட்டி ஆறு மாதத்தில் விமானமேறினாள். மாஸ்டரும் ரீச்சரும் கோயிலுமில்லாமல் தேவாலயமுமில்லாமல் சாவகச்சேரிப் பதிவுக் கந்தோரில் கையெழுத்து வைத்துக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துச் சொந்தமும் வரவில்லை. இருவரும் சுண்டிக்குளியில் வீடெடுத்துப் போனார்கள். அவள் அங்கிருந்து தினமும் பஸ்ஸில் கொடிகாமம் வந்து போனாள்.