நண்டுக்காரன் வரும் நேரம்

தொட்டிக்குள் கையை விட்டதும் முதலில் அகப்பட்டது செத்ததுதான். நட்சத்திர மீன் என்று சொல்ல அதில் கால்கள் மிச்சமில்லை. விரலில் ஒட்டிக்கொண்டு சளி மாதிரி இழுபட்டது. உதறினாள், போகவில்லை. சுவரில் தேய்த்தாள். ஏற்கெனவே தேய்த்துத் தேய்த்து அந்த இடம் கறுத்துப் போயிருந்தது.

பூங்காவின் கழிப்பறைக்குப் பின்னால் தகரம் போட்ட அறை அது. காற்று விடும் மோட்டார் நின்றுபோய்ப் பல நாளாகிறது. தண்ணீரின் மேல் ஆடை கட்டியிருந்தது. கடல் அட்டை ஒன்று குடலை வெள்ளை நூலாகக் கக்கிவிட்டு ஓரமாகக் கிடந்தது. அந்த நூல் கையில் பட்டால் சோப்புக்கும் போகாது, மண்ணெண்ணெய்க்கும் போகாது. சோற்றில் கை வைக்கும்போது ஞாபகம் வரும்.

ஜனங்கள் இந்தக் கடலோரப் பூங்காவுக்கு வருவது பாறைக்குழிகளில் உயிர்ப் பிராணிகளைப் பார்க்கத்தான். குழிகளில் உயிர் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதனால் காலையில் கடல் உள்வாங்கியதும், சுற்றிப் பார்க்கிறவர்கள் வருவதற்கு முன்னால், அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் குழிக்கு ஒன்றாகப் போட்டு வைப்பாள். நட்சத்திர மீன், அட்டை, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு. பின்னாலேயே வழிகாட்டி கூட்டத்தைக் கூட்டி வந்து, குனிந்து, அப்போதுதான் கண்ணில் பட்டது போல "ஷ்ஷ்... சத்தம் போடாதீங்க" என்பார். ஜனம் வாயைப் பிளக்கும். அவர்கள் போனதும், அலை ஏறுவதற்குள் அவள் எல்லாவற்றையும் பொறுக்கித் தொட்டியில் கொண்டு வந்து போட வேண்டும். மறுநாளும் அதே மீன், அதே ஆச்சரியம்.

வாளியைக் கழுவிக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, கடலுக்கு மேக்கப் சாமானெல்லாம் ரெடியா?"

"பாதி அழுகிப் போச்சுண்ணே."

"அழுகினா என்ன, பவுடர் அடிச்சு விடு. சாயங்காலம் பள்ளிக்கூடப் பசங்க வர்றாங்களாம். பொம்பளப் பிள்ளைங்க. ராத்தங்கல்." பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னார்.

அவள் குழாயை நிறுத்தினாள். அண்ணன் மகள் படிக்கிற பள்ளிக்கூடம்.

அண்ணனைப் பூங்காவில் எல்லோரும் நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பாசி பிடித்த பாறையில் பக்கவாட்டில் கால் வைத்து நடப்பான், வழுக்காது என்று. இந்த வாளி முதலில் அவன் கையில்தான் இருந்தது. ஒருநாள் காலைக் கூட்டம் போன பிறகு, மறுநாள் கூட்டத்துக்கு மீன் குறைகிறது, பாறையில் விட்டது கிடக்கிறது, போய் எடுத்து வா என்று வழிகாட்டி அனுப்பினார். அலை ஏறிக்கொண்டிருந்தது. போனான். சாயங்காலம் கரையில் ஒதுங்கினான். கையில் சுற்றியிருந்த வலைப்பைக்குள் நட்சத்திர மீன்கள் உயிரோடு இருந்தன.

விசாரிக்க வந்தவர்களிடம், "திருட வந்திருக்கான்" என்று வழிகாட்டி சொன்னார். பூங்காவே மீனைப் போட்டு எடுக்கிறது என்று எப்படிச் சொல்வது? அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா கடலில் போய்விட்டார் என்பதற்கு மேல் அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இவள் புருஷன் மூட்டை சுமந்து முதுகு ஒடிந்து படுக்கையில் கிடந்தான். வழிகாட்டி கூப்பிட்டு வாளியை இவள் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டாள். வாயையும் மூடிக்கொண்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்த பருவத்தில் அந்த ஆள், ராத்தங்க வருகிறவர்களுக்கு மணலில் நெருப்பு மூட்டிச் சொல்வதற்கு ஒரு பேய்க்கதை கட்டினார். திருட்டு நண்டுக்காரன். கதை பிடித்துக்கொண்டது. கேட்பதற்கென்றே ஆள் வந்தது. பிறகு கதைக்கு ஒரு பேயும் தேவைப்பட்டது. "அதோ வர்றான்" என்றதும் நனைந்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, தகர டப்பாவைத் தரையில் இழுத்தபடி புதருக்குள்ளிருந்து வர வேண்டியது இவள் வேலை. கூடப்பிறந்தவனின் பேயாக இவளே இத்தனை காலம் வந்துகொண்டிருந்தாள். வீட்டுக்குப் போய்த் தலைக்குக் குளிப்பாள். ஈரச் சாக்கின் நாற்றம் அப்போதும் தலைமுடியில் இருக்கும்.

வழிகாட்டிக்கு வேலையாட்கள் வைத்த பெயர் தொப்பி. ஆபீசில் உட்கார்ந்து சாவியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைந்ததைப் பார்த்துவிட்டு மேசையின் அடிப்பக்கம் தடவினார்.

"சார், இன்னிக்கு அந்தக் கதை வேணாம்."

"எந்தக் கதை?"

"எங்கண்ணன் கதை."

"அது உங்கண்ணன் கதையாம்மா? அது நண்டுக்காரன் கதை."

"அவர் பொண்ணு வருது சார். அதுக்கு எதுவும் தெரியாது."

"தெரியாதுன்னா அப்புறம் என்ன? தெரியாம சிரிச்சிட்டுப் போகட்டும்."

அவள் நகரவில்லை. ரப்பர் பூட்ஸிலிருந்து தொட்டித் தண்ணீர் சொட்டித் தரை நனைந்தது. தொப்பி மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, இந்தக் கோலத்துல உள்ள வராதேன்னு எத்தன தடவ சொல்றது? சரி, சரி. ஆமைக் கதை சொல்றேன். முட்டை, நிலா, குஞ்சு... பாதிப் பேரு தூங்கிடுவாங்க. போதுமா?"

"போதும் சார்."

"சாக்க மட்டும் நனைச்சு வை. எதுக்கும் இருக்கட்டும்."

பஸ் வந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். இறங்கியதுமே ஒருத்தி வாந்தி எடுத்தாள். அதை அள்ள மண்ணும் துடைப்பமுமாகப் போன இவளை அண்ணன் மகள் பார்த்துவிட்டாள்.

"அத்தை!" என்று வந்தவள், பக்கத்தில் வந்ததும் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டாள். மூக்கு லேசாகச் சுருங்கியது. "நீ இங்கயா வேலை பாக்குற? பார்க்ல ஆபீஸ் வேலைன்னு அம்மா சொன்னாங்க."

"ஆபீஸ்தான் குட்டி. இது கூடமாட."

"கைல என்னத்த இது?"

"ஒண்ணுமில்ல, பிசின்."

"ச்சீ," என்று சிரித்துவிட்டு ஓடிப்போனாள். அந்தச் சிரிப்பு அச்சு அசல் அண்ணனுடையது. பல் வரிசைகூட அப்படியே.

பொழுது சாய்ந்ததும் மணலில் நெருப்புப் போட்டார்கள். விறகு என்று வந்தது உடைந்த பழைய படகின் பலகை. பெயிண்ட் கொப்புளம் விட்டு எரிந்தது. பிள்ளைகள் சிப்ஸ் கவரை அதிலேயே போட்டார்கள். கறுத்த புகை தொண்டையைக் கவ்வியது. "இயற்கையோட மணத்த நல்லா இழுத்து விடுங்க," என்றார் தொப்பி. பிள்ளைகள் இழுத்துவிட்டு இருமினார்கள்.

அவள் புதருக்குள் நின்றாள். காலடியில் ஈரச் சாக்கு. தொப்பி ஆமையை ஆரம்பித்தார். ஆமை கரைக்கு வருவதற்குள் ஒருத்தி கத்தினாள்.

"சார், நண்டுக்காரன் கதை சொல்லுங்க சார்! போன வருஷத்து அக்காங்க சொன்னாங்க!"

"நண்டுக்காரன்! நண்டுக்காரன்!" கை தட்டிக் கத்தினார்கள். எல்லோரையும் விட உரக்கக் கத்தியது அண்ணன் மகள்தான். முட்டி போட்டு நிமிர்ந்து கத்தினாள்.

தொப்பி இருட்டுப் பக்கம் திரும்பி, என்ன செய்யட்டும் என்பது போலக் கையை விரித்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. டீச்சர் ஒருவர், "பயப்படுற மாதிரி வேணாம் சார்," என்றார். "சும்மா தமாஷு டீச்சர்," என்று தொப்பி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கதை சொல்லும்போது மட்டும் கழற்றுவார்.

"இங்க ஒருத்தன் இருந்தான். கை நீளம். கடல்ல எது அசைஞ்சாலும் பையில போட்டுக்குவான். நண்டு மாதிரியே நடப்பான். எப்படித் தெரியுமா?"

எழுந்து நடந்து காட்டினார். குண்டியை ஆட்டிக்கொண்டு, பக்கவாட்டில். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

"கடல் பாத்துட்டே இருந்துச்சு. ஒருநாள் பிடிச்சிருச்சு. கரைல கெடந்தான், வயிறு ஊதி, வாயெல்லாம் மண்ணு. பைக்குள்ள இருந்த மீனெல்லாம் உசிரோட இருக்கு, இவன் மட்டும் காலி!"

நெருப்பு வெளிச்சத்தில் அண்ணன் மகளின் பற்கள் தெரிந்தன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் இருந்தவளின் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள்.

இவள் ஓரமாகத் துப்பினாள். தொப்பி மேல் வந்த அருவருப்பு பழகியது. இது வேறு. இந்தச் சிரிப்பை இங்கே வரைக்கும் கொண்டு வந்து சேர்த்ததில் தன் தகர டப்பாவுக்கும் பங்கு இருக்கிறது என்று உறைத்தது. ஓரமாகத் துப்பினாள்.

"இன்னும் அவன் போகல. பொழுது சாஞ்சா பையத் தேடிக்கிட்டு வருவான்... அதோ! அதோ வர்றான்!"

பிள்ளைகள் அலறத் தயாராக வாயைத் திறந்து வைத்துக்கொண்டு புதரைப் பார்த்தார்கள்.

அவள் சாக்கை எடுக்கவில்லை. டப்பாவையும் எடுக்கவில்லை. அப்படியே வெளியே வந்து நெருப்புக்குப் பக்கத்தில் நின்றாள். பூட்ஸ், அழுக்குச் சேலை, பிசின் படிந்த கை.

பாதிப் பேர் பழக்கதோஷத்தில் அலறினார்கள். பிறகு சிரிப்பு.

"அத்தை?" என்றாள் அண்ணன் மகள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். "நீதான் பேயா?"

"நான்தான். இத்தன நாளா நான்தான்." அண்ணன் மகள் பக்கம் திரும்பினாள். "குட்டி, அவரு திருடல. காலைல போட்டத எடுத்துட்டு வான்னு இந்த ஆளு அனுப்பினாரு. எடுக்கப் போனாரு. போட்டதே அவர்தான். இப்ப போடுறது நான். குழியில தானா ஒண்ணும் கிடையாது. அவரு பேயும் இல்ல. உங்கப்பா."

நெருப்பில் பெயிண்ட் படபடத்தது. யாருக்கும் உடனே விளங்கவில்லை. ஒருத்தி, "யாரோட அப்பா?" என்று கேட்டாள். இன்னொருத்தி அண்ணன் மகளைக் கை காட்டினாள். காட்டிய கையைச் சட்டென்று மடக்கிக்கொண்டாள்.

தொப்பி கை தட்டினார். "பாத்தீங்களா பிள்ளைங்களா, இந்தத் தடவ பேயே பேசுது! எல்லாரும் ஜோரா ஒரு கை தட்டுங்க!"

சில பேர் தட்டவும் செய்தார்கள். கை தட்டச் சொன்னால் தட்டிப் பழகிய பிள்ளைகள். டீச்சர் எழுந்து எல்லோரையும் கிளப்பினார். அண்ணன் மகள் யார் முகத்தையும் பார்க்காமல் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். இவள் பக்கத்தில் போனதும், "தொடாத," என்றாள். உரக்கச் சொல்லவில்லை. தோழிகளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

தொப்பி இவளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார். தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"சோறு போட்ட கையக் கடிக்கிற. காலைல வேலைய முடிச்சிட்டு, சாவிய வாட்ச்மேன்ட்ட குடுத்துட்டுக் கிளம்பு. ஒழுங்கா போட்டு வை. பள்ளிக்கூடத்துக்காரங்க முன்னாடி மானம் போயிடும்."

"யார் மானம் சார்?"

அவர் ஆபீஸ் பக்கம் நடந்தார்.

காலையில் வந்தாள். தகர அறையைத் திறந்தாள். பூட்ஸைக் கழற்றி உள்ளே எறிந்தாள். வாளியைத் தொடவே இல்லை. பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தாள்.

"மேக்கப் போடலியாம்மா?" என்றார் அவர், மெதுவாக.

"மூஞ்சியே இல்ல, எதுக்கு?"

வெறுங்காலோடு போய்ப் பாறைக்கு மேலே மணல் மேட்டில் நின்றாள். கூட்டம் வந்தது. தொப்பி முன்னால் குனிந்து குனிந்து நடந்தார். முதல் குழியில் விரலை உதட்டில் வைத்து, "ஷ்ஷ்..." என்றார். பிள்ளைகள் குனிந்தார்கள். பாசி. ஒரு ஷாம்பு பாக்கெட். அடுத்த குழியில் கலங்கல் தண்ணீரில் நுரை. அதற்கடுத்ததில் எவனோ சிகரெட்டை அணைத்திருந்தான். தொப்பி நிமிர்ந்து மேட்டைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"இயற்கை பொறுமையா இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்," என்றார். "இன்னிக்குக் கடலுக்குக் கொஞ்சம் கோவம். எல்லாம் உள்ள ஒளிஞ்சிருக்கு."

"ஒளியல சார்."

அண்ணன் மகள். இரவெல்லாம் அழுத முகம், வீங்கியிருந்தது. குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு யாரும் போடல."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர், "உஷ், பேசாத," என்றார். ஆனால் அவரும் குழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொப்பி அசரவில்லை. அந்த மாதிரி ஆள் அசர மாட்டான். தோள்பைக்குள் கை விட்டு, காய்ந்து விறைத்த நட்சத்திர மீன் ஒன்றை எடுத்தார். "பரவால்ல, இது பாருங்க, நிஜம்! தொட்டுப் பாத்துக் கை மாத்தி விடுங்க!"

பிள்ளைகள் மொய்த்தார்கள். நேற்று இரவு கேட்டதெல்லாம் எங்கே போனதோ, "எனக்கு, எனக்கு" என்று கைகள் நீண்டன. ஒருத்தி கன்னத்தில் வைத்துக்கொண்டாள், இன்னொருத்தி முத்தம் கொடுப்பது போல நடித்தாள். ஒரு கால் ஒடிந்து விழுந்தது, அதையும் ஒருத்தி பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டாள். கைமாறிக் கைமாறி அது அண்ணன் மகளிடம் வந்தது.

அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பிடிடி, கடிக்காது," என்றாள் நீட்டியவள்.

"எனக்கு வேணாம்," என்றாள். "நாறுது."