இரட்டைக் கதிரும் ரெங்கசாமியின் கையெழுத்தும்

குடவாசலுக்குத் தெற்கே மூன்று மா வயல், அதாவது ஒரு ஏக்கர். பதினெட்டு வருஷமாக அதைப் பயிர் செய்பவள் அகிலாண்டம். காகிதத்தில் பயிர் செய்பவர் ரெங்கசாமி. நிலம் அவருடையதுதான், அதில் தகராறு இல்லை. குத்தகைப் பதிவேட்டில் தன் பெயரை ஏற்றச் சொல்லி அகிலாண்டம் மனுப் போட்டபோது, "நானே சாகுபடி பண்றேன், அந்தம்மா நடவுக்கு வந்த கூலியாளு" என்று அவர் எழுதிக் கொடுத்தார் பாருங்கள், அதுதான் அநியாயம். வயலின் மடை எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டால் மனிதர் கார் டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். காரில் எப்போதும் இரண்டு கரைவேட்டிகள் இருக்கும். ஆட்சி மாறினால் வேட்டியும் மாறும்.

வருஷா வருஷம் குத்தகை நெல்லை வாங்கிக்கொள்வார். ரசீது கேட்டால், "நமக்குள்ள எதுக்கு அகிலாண்டம் காகிதம்?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பியதற்குத்தான் இப்போது தண்டனை. ஆடி மாத விசாரணையில் ஒரு துண்டுக் காகிதமாவது காட்டாவிட்டால் வயல் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் ஹலீமா ஜீப்பில் வந்து இறங்கினாள். கூத்தாநல்லூர்ப் பெண், நெல் ஆராய்ச்சி செய்பவள். குடவாசல் டீக்கடை வாசலில் அழகுக்குக் கட்டியிருந்த நெற்கதிர்க் கொத்தைப் பார்த்துவிட்டு, அது எந்த வயல் கதிர் என்று விசாரித்துக்கொண்டே வந்திருந்தாள். அந்தக் கதிரில் கிளை பிரிந்த இடத்தில் மறுபடியும் கிளை பிரிந்து, ஒரு மணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தன. ஆறு வருஷத்துக்கு முன் வயல் மூலையில் ஒற்றைத் தூரில் அதைப் பார்த்த அகிலாண்டம், தனியாக அறுத்துப் புதுப் பானையில் போட்டு வைத்துப் பெருக்கியிருந்தாள்.

ஹலீமா கொத்துக் கொத்தாக வாங்கிப் போனாள். ஆறு மாதம் கழித்து முகம் மலர வந்தாள்.

"அக்கா, பயிரோட குருத்துல இருக்கிற உயிரணு எல்லாம் முதல்ல ஒரே மாதிரிதான் இருக்கும். நீ இலையாகு, நீ கிளையாகு, நீ மணியாகுன்னு பிரிச்சு விடுறது சில மரபணுக்கள். உங்க நெல்லுல அதுல ஒண்ணு மாறியிருக்கு. அதைக் கண்டுபிடிச்சிட்டோம்."

"நடவன்னிக்கு, நீ நாத்துப் பறி, நீ நாத்துமுடி தூக்கு, நீ நடுன்னு ஆள் பிரிச்சு விடுவேனே, அந்த மாதிரிங்களா?"

"அதேதான். அதுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கப் போறோம்."

"உரிமை யாருக்கு?"

"கண்டுபிடிச்ச ஆராய்ச்சி நிலையத்துக்கு."

"கண்டுபிடிச்சது நானு," என்றாள் அகிலாண்டம். "நீங்க அது ஏன்னு கண்டுபிடிச்சீங்க."

ஹலீமா பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். விதையைக் காத்தவருக்குப் பங்கு உண்டு, நிலத்துக்காரருக்கும் சின்னதாக ஒன்று உண்டு. ஆனால் அந்த வயலில் பயிர் செய்தவர் யார் என்று நிலத்துக்காரரே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பம் நகராது.

அகிலாண்டம் படிவத்தைப் புரட்டினாள். சர்வே நம்பர் முதல் பக்கத்தில் இருந்தது. பங்கு விவரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. அவள் வாயோரம் ஒரு சிரிப்பு வந்தது.

"பொய் ஒண்ணும் சொல்ல வேணாம்மா. பங்குன்னு மட்டும் முதல்லயே ஆரம்பிச்சிடாதீங்க. ஃபாரத்துல இருக்கிற வரிசைப்படியே கேளுங்க. வி.ஏ.ஓ.வைக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் ரெங்கசாமி வீட்டு வாசலில் ஜீப் நின்றது. ஹலீமா கோப்போடு இறங்க, பின்னாலேயே கிராம நிர்வாக அலுவலர் நாகநாதன் இறங்கினார். அகிலாண்டம் ஒரு கட்டு இரட்டைக் கதிரைப் பிடித்தபடி ஓரமாக நின்றாள்.

ஹலீமா உட்கார்ந்து சர்வே நம்பரை வாசித்தாள். ரெங்கசாமியின் முகம் வெளிறியது. காரணம் இருக்கிறது. நில உச்சவரம்புச் சட்டம் வந்த காலத்தில், அவருடைய அப்பா அறுபது ஏக்கரை வண்டிக்காரன் பெயரிலும் சமையல்காரர் பெயரிலும், பிறக்காத பேரன் பெயரிலும்கூட எழுதிவைத்துத் தப்பித்தவர். கோப்போடு ஜீப் வந்தால் என்ன பேச வேண்டும் என்பதை மகனுக்குச் சோறூட்டும்போதே சொல்லிக்கொடுத்திருந்தார். பிள்ளை மறக்கவில்லை; இதுவும் உச்சவரம்புச் சோதனைதான் என்று நினைத்துவிட்டார்.

"இந்த வயலைப் பயிர் செய்றது யாருங்க?" என்று ஹலீமா கேட்டாள்.

"சத்தியமா நான் இல்லம்மா. பேருக்குத்தான் எங்க குடும்பத்துல இருக்கு. ஆண்டு அனுபவிக்கிறதெல்லாம் இந்த அகிலாண்டம்தான். நான் அந்தப் பக்கம் போயே பதினெட்டு வருஷம் ஆச்சு."

"எந்த முறையில பயிர் செய்றாங்க?"

"குத்தகைதான். கேளுங்க, அந்தம்மாவே நிக்குது."

"ஆமாங்கய்யா," என்றாள் அகிலாண்டம் பணிவாக.

"அதை உங்க கையால எழுதிடுங்க."

எழுதினார். மூன்று இடத்தில் கையெழுத்தும் போட்டார். நாகநாதன் சாட்சி போட்டு முத்திரை குத்தி, ஒரு நகலைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன்பிறகு ஹலீமா கடைசிப் பக்கத்தைப் புரட்டி, காப்புரிமையையும் பங்கையும் விளக்கினாள். ரெங்கசாமி கையிலிருந்த மோர் டம்ளர் அப்படியே நின்றது.

"அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்கம்மா. ஒரு வரி விட்டுப்போச்சு."

"எல்லாம் சரியா இருக்குங்க," என்று ஹலீமா படிவத்தைக் கோப்புக்குள் வைத்து மூடினாள்.

ஆடி மாத விசாரணையில் தாசில்தார் நகலை நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்று கேட்டார். ரெங்கசாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். இல்லை என்றால் காப்புரிமைப் பங்கு போகும். ஆமாம் என்றால் வயலை அகிலாண்டத்திடமிருந்து பிடுங்க முடியாது. வக்கீல் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். ரெங்கசாமியோ நெல்லுக்குள் இருக்கும் மரபணுவை உலகமே விலைக்குக் கேட்டு வாசலில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"என் கையெழுத்துதாங்க," என்றார்.

அன்றைக்கே பதிவேட்டில் அகிலாண்டத்தின் பெயர் ஏறியது. வெளியே வந்தவள் வேப்பமரத்தடியில் நின்று கொஞ்சம் அழுதாள். அப்புறம் சிரித்தாள்.

காப்புரிமை வரவில்லை. அதே மரபணுவை வேறொரு தேசத்தில் யாரோ நாலு மாதம் முந்திப் பதிந்துவிட்டார்கள் என்று ஹலீமா வருத்தத்தோடு வந்து சொன்னாள். "அவங்க வயல்லயும் யாராவது ஒருத்தி பானையில போட்டு வெச்சிருப்பா," என்று சொல்லி அகிலாண்டம் அவளுக்குக் காபி கொடுத்தாள். இந்தச் சேதியை ரெங்கசாமிக்குச் சொல்ல இருவருக்குமே நேரம் கிடைக்கவில்லை.

தை மாதம் குத்தகை நெல் அவர் வீட்டு வாசலில் இறங்கியது.

"அந்தக் காப்புரிமை என்னாச்சு அகிலாண்டம்?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"அது மெதுவாத்தான் விளையும் போலருக்குங்கய்யா."

அவர் மூட்டையைத் தொடப் போனார். அகிலாண்டம் அதன்மேல் உட்கார்ந்து, முந்தானையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"முதல்ல ரசீதைப் போடுங்க."