மூன்றாம் மாடி ஜப்தி

எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி சட்டத்தை மீறினால் ஒரு மாடியை ஜப்தி செய்வார்கள். காலையில் கிரேன் வரும். குற்றம் நடந்த மாடியை உருவி எடுத்துவிட்டு, மேலே இருப்பதைக் கீழே இறக்கி வைப்பார்கள். மேல்மாடியில் டீ குடிப்பவனின் டம்ளர்கூடத் தளும்பாது. உருவிய மாடி தாலுகா ஆபீஸின் பின்புறம் போகும். பிடிபட்ட மணல் லாரிகள் துருப்பிடித்து நிற்குமே, அந்த இடம். வழக்கு முடியும்வரை அங்கேயே கிடக்கும். உள்ளே இருப்பதெல்லாம் அதோடு சேர்த்தி.

நான் மூன்றாம் மாடியில் கிடந்தேன். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஆபரேஷன் என்றார்கள். முன்பணம் கட்டியாயிற்று. தாமதித்தால் எலும்பு கோணலாகக் கூடிவிடும், பிறகு நடையே கிடையாது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

டாக்டர் குலோத்துங்கன். ஆஸ்பத்திரி அவருடையது. ஊசிகளை ஏரியில் கொட்டியதற்கு ஏற்கெனவே ஒரு மாடி போயிருந்தது. எக்ஸ்ரே அறைக்கு ஈயத்தகடு போடாததற்கு இன்னொன்று. மனிதர் அசரவில்லை.

ஒருநாள் அவர் பார்வையிட வந்தபோது என் மனைவி சௌந்தரவல்லி கேட்டாள்.

“ஏன் டாக்டர், தீப்பிடிச்சா எறங்கறதுக்குப் படி எங்க இருக்கு?”

“அதோ” என்று சுவரைக் காட்டினார். படி வரைந்திருந்தது. கைப்பிடியும் உண்டு. பெயிண்டர் கெட்டிக்காரன்.

“அது படமில்லையா?”

“மாடி போனா ஆகுற நஷ்டம், நிஜப்படி கட்டுற செலவுல பாதிகூட வராதும்மா. நான் கணக்குப் போட்டுத்தான் எதையும் செய்வேன். அதுவுமில்லாம, மாடி குறையக் குறைய தீப்பிடிக்கவும் இடம் குறையுதுல்ல?”

கூட வந்த சின்ன டாக்டர்கள் தலையாட்டினார்கள். எல்லாரும் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்.

அந்தப் படிக்காக வியாழக்கிழமையே கிரேன் வந்துவிட்டது. நடக்க முடிந்தவர்கள் இறங்கிப் போனார்கள். என்னைத் தூக்க ஆள் இல்லை. இருந்த ஆட்கள் ஏ.சி. மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாலுகா குமாஸ்தா ஒருவர் வந்து மகஜர் எழுதினார். “மின்விசிறி ஆறு, ஒன்று ஓடவில்லை. கிழவர் ஒன்று, இடுப்பு உடைந்த நிலையில்.” சௌந்தரவல்லியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மாடி நகர்ந்தது. நல்ல டிரைவர். எனக்குத் தூக்கம்கூட வந்தது.

மறுநாள் அவள் டாக்டரிடம் போனாள். ஆபரேஷன் நாளாயிற்றே.

“தியேட்டர் இங்க இருக்கு, அவர் அங்க இருக்கார். பதிவில்லாத இடத்துல கத்தி வைக்கிறது குற்றம்மா. நான் சட்டத்தை மீற மாட்டேன்” என்றார் குலோத்துங்கன்.

“அப்ப முன்பணம்?”

“அது மாடியோட போச்சே.”

அங்கிருந்து தாலுகா ஆபீஸுக்கு வந்து குமாஸ்தாவைப் பிடித்தாள். வேறு எங்காவது கொண்டுபோய் இடுப்பைச் சரிபண்ணிக்கொள்கிறோம் என்றாள்.

“பிடிச்சப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே கோர்ட்டுல காட்டணும்மா. சரிபண்ணிட்டா சாட்சியத்தை அழிச்ச மாதிரி ஆயிடும்.”

“வலியில கத்தறாருங்க.”

“பிடிச்சப்பவும் கத்தினாரு. எழுதியிருக்கு.”

சாப்பாட்டுக் கேரியரை என் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பக்கத்து லாரியின் சொந்தக்காரன் செங்கோடன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். லாரிக்குத் துணையாக அங்கேயே படுத்துக்கொள்பவன்.

“பெரியவரே, வண்டியை விடச் சொல்லி மனுப் போட்டிருக்கேன். உங்களுக்கும் ஒண்ணு போடுங்க. டயர் நல்லா இருக்கறப்பவே வெளிய வந்துரணும்.”

“எனக்கு ஏதுடா டயர்?”

“இடுப்பு இருக்கில்ல?”

போட்டோம். கட்டிலோடு என்னைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். உரிமையாளர் யார் என்று நீதிபதி கேட்டார். சௌந்தரவல்லி ரேஷன் கார்டைக் காட்டினாள். உடனே வங்கி வக்கீல் எழுந்தார். கட்டிலில் ஆள் இருப்பதை நம்பித்தான் டாக்டருக்கு மாடிமேல் கடன் கொடுத்தோம், ஆளை விட்டால் அவர் முழுக் கடனையும் இன்றே கட்ட வேண்டும் என்றார். குலோத்துங்கன், போன மாடிக்குப் பணம் தரவேண்டிய இன்சூரன்ஸ்காரரைத் திரும்பிப் பார்த்தார். வரைந்த படிக்கு வரைந்த செக்தான் தர முடியும் என்றார் அவர். அங்கேயே வரைந்தும் கொடுத்தார். கணக்குப் போடும் டாக்டர் கைக்குட்டையைத் தேடினார்.

நீதிபதி உத்தரவு போட்டார். இடுப்பை நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, கிழவரை மனைவியிடம் தற்காலிகமாக ஒப்படைக்கலாம். பழுது பார்க்கலாம். விற்கக் கூடாது.

“யாரு வாங்குவா?” என்றாள் சௌந்தரவல்லி.

நீதிபதி அதையும் குறித்துக்கொண்டார்.

அன்றைக்கே பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாள். கம்பி வைத்து எலும்பைக் கூட்டினார்கள். இப்போது நடக்கிறேன். கோணல் இல்லை.

மிச்ச மாடிகளை வங்கி எடுத்துக்கொண்டது. குலோத்துங்கனுக்கு மொட்டை மாடி மட்டும் மிஞ்சியது. அது தரையில் கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்க்கிறார். மாடியே இல்லை, அதனால் மீறவும் எதுவுமில்லை. மாவட்டத்திலேயே பாதுகாப்பான ஆஸ்பத்திரி என்று கேடயம் கொடுத்திருக்கிறார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். சின்ன டாக்டர்கள் இப்போதும் தலையாட்டுகிறார்கள்.

பிறகு வழக்கில் தீர்ப்பு வந்தது. மூன்றாம் மாடியும், மகஜரில் கண்ட சகலமும் அரசுக்குச் சொந்தம். என்னை வீட்டிலேயே வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை பொதுப்பணித்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து எனக்கு மஞ்சள் வண்ணம் அடித்து, முதுகில் எண் எழுதிவிட்டுப் போவார்கள். போன வாரம் வந்தார்கள். வாசலில் எதையும் பிடிக்காமல் நேராக நின்றேன். காதுக்குப் பின்னால் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது என்று சௌந்தரவல்லி காட்டினாள். காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சில் சரியாகிவிடும் என்றார்கள்.