ஞாயிற்றுக்கிழமைத் தலைவலி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அசிங்கம்.

பொறாமை ஒரு நோட்டின்மேல். நாற்பது பக்கம், நீல அட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது. என் மனைவி ஜெயஷீலாவுடையது. அவள் கணக்கு டீச்சர். எங்களுக்குக் கல்யாணமான பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒற்றைத் தலைவலி. என் பெயர் ஜேசுபாதம். தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குத் தாள்வேலை பார்க்கும் அலுவலகத்தில் இருக்கிறேன். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். இரண்டு தொகுப்பு வந்திருக்கிறது. நீங்கள் வாசித்திருக்கமாட்டீர்கள், பரவாயில்லை.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஜெயஷீலாவின் இடது நெற்றிப்பொட்டில் வலி ________ போல

அங்கேயே நின்றுவிட்டது. பொருத்தமான உவமை வரவில்லை. பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்து இப்படி: முத்துக்குளிக்கிறவன் மூச்சை அடக்கிக்கொண்டு கடலுக்குள்

இதை நானே அடித்துவிட்டேன். நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன தொழில் அது. எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் முதல் பத்தியில் ஒரு முத்தை உருட்டிவிடுவார்கள். இதே ஊரில், மில்லர்புரத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு நானும் அதைச் செய்யக்கூடாது.

2

முதல் பொய் பகவதியைப் பற்றி எழுதும்போது வந்தது.

பகவதிதான் ஜெயஷீலாவுக்கு மூச்சுப் பயிற்சியும் கழுத்துப் பயிற்சியும் சொல்லிக்கொடுப்பவர். முதல் படியில் அவரை ஆணாக்கினேன். சிவனாண்டி என்று பெயர் வைத்தேன். நாற்பது வயது, அகலமான தோள், தாழ்ந்த குரல். கணவனுக்குப் பொறாமை என்றால் பக்கத்தில் ஒரு ஆண் நின்றால்தானே வாசகருக்கு நம்பிக்கை வரும்? மூன்று பக்கம் ஜோராகப் போனது. சிவனாண்டி ஜெயஷீலாவின் பின்கழுத்தைத் தொட்டுப் பார்க்கிற இடம் வந்ததும் எனக்கே கோபம் வந்து பேனாவை மூடிவிட்டேன். நான் உண்டாக்கிய ஆள்மேல் நானே பொறாமைப்படுவது எந்த ஊர் நியாயம்?

உண்மையான பகவதிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஸ்ரீவைகுண்டத்துக்காரர், பிசியோதெரபிஸ்ட். திருநெல்வேலி ரோட்டில், எங்கள் பக்கத்து ஊரான புதுக்கோட்டையில் ஒரு மாடியில் பயிற்சி நடத்துகிறார். நரம்பு டாக்டர்தான் அவரிடம் அனுப்பினார். மாத்திரை அதன் வேலையைச் செய்யட்டும், தூக்கம், சாப்பாடு, கழுத்து, மனசு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்றார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தவிர்க்கவேண்டியவை என்று டாக்டர் கொடுத்த தாளில் பாலாடைக்கட்டியும் சிவப்பு ஒயினும் இருந்தன. சாத்தான்குளத்து வாத்தியார் வீட்டில் பிறந்தவளுக்குத் திராட்சரசம் என்றால் நற்கருணை நாளில் ஒரு மடக்கு. கருவாட்டைப் பற்றித் தாளில் ஒன்றுமில்லை.)

முதல்நாள் பகவதி கொடுத்ததுதான் அந்த நீல நோட்டு.

"தலைவலி வந்த அன்னைக்கு மட்டும் எழுதாதீங்க டீச்சர். வராத அன்னைக்கும் எழுதணும். எத்தன மணிக்குத் தூங்கினீங்க, எப்ப சாப்பிட்டீங்க, வெயில்ல போனீங்களா, தோள் இறுகிச்சா. கடைசிக் கட்டத்துல, அன்னைக்குச் சொல்லணும்னு நெனச்சு சொல்லாம முழுங்கினது என்னன்னு எழுதுங்க."

"அதுக்கும் தலைவலிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். என்னைக் கேட்டால் அந்தக் கட்டம் தேவையே இல்லை.

"சம்பந்தம் இல்லன்னா எழுதி எழுதி அதுவே தெரிஞ்சுரும் அண்ணாச்சி" என்றார்.

3

ஆறு மாதத்தில், மாதம் எட்டுநாள் வந்த தலைவலி நான்காகக் குறைந்தது. நான் சந்தோஷப்பட்டேன்.

[மேலே உள்ள வாக்கியத்தை மூன்றுமுறை அடித்து மறுபடி எழுதியிருக்கிறேன்.]

சந்தோஷம்தான். இல்லை என்று சொன்னால் நான் மனுஷனே இல்லை. ஆனால் பத்தொன்பது வருடம் தைலம் தேய்த்தது நான். மருந்துக்கடைக்கு ஓடியது நான். துறைமுகச் சாலையில் வண்டியில் போகும்போது உப்புக் குவியலின் வெளிச்சம் அவளுக்கு ஆகாது என்று கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தது நான். குணமாக்கியது மட்டும் யாரோ. எனக்குப் பகவதிமேல் பொறாமை, அந்த மாடிமேல் பொறாமை.

நோட்டின் மேல் பொறாமை வேறு ஜாதி. எங்கள் வீட்டில் எழுதுகிறவன் ஒருவன்தான் இருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு நான் அந்த வாரம் எழுதியதை வாசிப்பேன், ஜெயஷீலா கேட்பாள். "நல்லா இருக்கு" என்பாள். இது எங்கள் வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு அடுத்தபடியாகத் தவறாமல் நடப்பது. இப்போது அவளும் தினமும் எழுதுகிறாள். அடித்துத் திருத்துவதில்லை. எழுதி முடித்ததும் முகம் தெளிந்துவிடுகிறது. எழுதி முடித்து என் முகம் ஒருநாளாவது தெளிந்திருக்கிறதா?

4

அவள் ஊர்க் கோயிலில் அசனப் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிடுவதற்கு முன்னால், அந்த வருடம் நன்மை பெற்றவர்கள் எழுந்து சாட்சி சொல்வார்கள். சொந்தக்காரர்களின் சாட்சிகளை எழுதிக்கொடுப்பது பல வருடமாக நான்தான். பெவின் வேலை கிடைத்ததற்குச் சொன்ன சாட்சி என்னுடையது. ஷெர்லினின் விசா சாட்சியில் சபையே அழுதது, அதுவும் என்னுடையது.

ஜெயஷீலாவுக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் "கண்ணின் மணியைப்போல என்னைக் காத்த என் கணவர்" என்று ஒரு வரி வரும். தேவைக்காக வைத்தது, வேறொன்றுமில்லை.

அவள் எழுந்தாள். தாளை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள்.

"பத்தொம்பது வருஷத் தலைவலி குறைஞ்சிருக்கு. மாத்திரை சாப்பிடுதேன், மூச்சுப் பயிற்சி செய்யுதேன். என் உடம்பு சொல்லுதத இப்பதான் கேக்கப் படிச்சிருக்கேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

உட்கார்ந்துவிட்டாள். நாலே வாக்கியம். பக்கத்தில் இருந்த ஜெபசெல்வி சித்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பந்தியில் மூன்று பெண்கள் வந்து அந்த மூச்சுப் பயிற்சியைப் பற்றி விசாரித்தார்கள். யாரும் என்னை விசாரிக்கவில்லை. கத்திரிக்காய்க் கூட்டை இலையோரத்துக்குத் தள்ளினேன். கணவனைச் சொல்லாமல் விட்டுவிட்டாளே என்பது பாதிதான். மீதிப் பாதி எழுத்தாளனின் பொறாமை: அந்த மூன்றாவது வாக்கியம் எனக்கு வந்திருக்காது.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவளுக்குக் கதை வாசிப்பதை நிறுத்திவிட்டேன். தண்டனை என்று நினைத்தேன்.

5

ஐந்து சனிக்கிழமை போனது. "ஏன் வாசிக்கலை?" என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஆறாவது வாரம் அவள் பள்ளிக்கூடம் போனபிறகு நோட்டைத் திறந்தேன்.

(இந்த இடத்தில் உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். திறக்காமல் இருந்த ஒரு படியும் எழுதிப் பார்த்தேன். அதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன், கதை ஓரடி நகரவில்லை.)

என்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறாள் என்பதைத்தான் தேடினேன். இருந்தது. சனிக்கிழமை தோறும் கடைசிக் கட்டத்தில், சின்ன எழுத்தில்:

ஆறு மணி. கதை. நல்லா இருக்குன்னு சொன்னேன்.

அடுத்த சனி. கதை. நல்லா இருக்குன்னு சொன்னேன்.

அதற்கடுத்த சனியும் அதேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் சிவப்பு வட்டம். சிவப்பு வட்டம் என்றால் தலைவலி. அவள் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருக்க, நான் தனியாகக் கோயிலுக்குப் போன ஞாயிறுகள். போன ஐந்து ஞாயிறுகளில் வட்டமே இல்லை.

கட்டத்தின் தலைப்பை இன்னொருமுறை பார்த்தேன். சொல்லாமல் முழுங்கியது.

6

மத்தியானமே லீவு சொல்லிவிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனேன். பகவதி பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"கதை கேட்டா தலைவலி வருமா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "நோட்டைப் பாத்தீங்களோ?"

நான் மூலையில் கிடந்த ஒரு பாயைச் சுருட்டத் தொடங்கினேன். அவரும் அதைக் கிண்டவில்லை.

"கதையாலதான் வந்துச்சுன்னு சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. அது உடம்போட வாகு. வாரம் பூரா நின்னு பாடம் எடுத்துட்டு, சனிக்கிழம உடம்பு தளரும். அன்னைக்குச் சாப்பாடு தள்ளிப்போகும், தூக்கம் தள்ளிப்போகும். அதோட ரெண்டு மணிநேரம் அசையாம உக்காந்து, வாய்க்கு வந்ததச் சொல்லாம பல்லக் கடிச்சிட்டு இருந்தா தாடை இறுகும், கழுத்து இறுகும். ஒண்ணுமேல ஒண்ணு ஏறி, ஞாயித்துக்கிழம கொட்டும்."

"அப்போ நான் வாசிக்காம இருந்தா போதும்."

"அவங்க சொல்லாம இருக்காம இருந்தாலும் போதும்" என்றார். "எது சௌகரியம்னு அவங்ககிட்ட கேளுங்க. என்கிட்ட எதுக்குக் கேக்கீங்க?"

திரும்பி வருகையில் வழி நெடுக எனக்குப் பொறாமை. பகவதிக்கு அவள் எதைச் சொல்லாமல் இருந்தாள் என்பது தெரிந்திருக்கிறது.

7

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முடிவு அ: நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன். அவளுக்குத் தலைவலி அடியோடு நின்றுவிடுகிறது. (தியாகி ஆகிறேன். மறுபடி நான்தான் கதாநாயகன்.)

முடிவு ஆ: அவள் என் கதைகளை உண்மையிலேயே ரசிக்கத் தொடங்குகிறாள். (இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.)

இரண்டையும் ஒதுக்கிவிட்டு, சனிக்கிழமை ஆறு மணிக்கு முன்னதாகவே சாப்பாட்டை முடித்துவிட்டு, இந்தக் கதையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "ஷீலா, ஒண்ணு வாசிக்கட்டா? நோட்டைத் திறந்து பாத்தேன். அதுவும் இதுல இருக்கு."

அவள் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள். நான் ஒன்றாம் பகுதியிலிருந்து வாசித்தேன். நடுநடுவே அவள் கோடு கோடாகப் போட்டாள். நான் நோட்டைத் திறந்த இடத்தில் பேனா நின்றது. பிறகு மறுபடி ஓடியது. ஆறாம் பகுதி முடிந்ததும் நிறுத்தினேன். அவள் அந்த இரண்டு சொல்லையும் சொல்லிவிடக்கூடாது. சொல்லாமல் விடவும் கூடாது. பத்தொன்பது வருடம் அந்த ஒரு வாசகர் இருக்கிறார் என்றுதானே எழுதினேன்?

"நல்லா இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டாள்.

"நோட்டைக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அது ஒண்ணு. ரெண்டாவது, பொறாமைங்கிற வார்த்தைய எண்ணினேன். ஒம்பது இடத்துல வருது. எனக்குத் தலைவலின்னு ஒரு கதை எழுதியிருக்கீங்க. எப்படி வலிச்சுதுன்னு ஒரு இடத்துலயும் இல்ல. முதல்ல ஒரு கோடு போட்டீங்க. பொறவு நிரப்புதேன்னீங்க. அப்படியே உங்களப் பத்திப் பேசப் போயிட்டீங்க."

தாளைத் திருப்பிப் பார்த்தேன். கோடு அங்கேயே கிடந்தது. ஞாபகப்படுத்தச் சொல்லியிருந்தேன், நீங்களும் ஞாபகப்படுத்தவில்லை. உங்களைக் குற்றம் சொல்லி என்ன?

"எப்படி வலிக்கும் ஷீலா?" என்று கேட்டேன்.

"இன்னைக்குத்தான் கேக்கீங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை.

பிறகு சொன்னாள். நாற்பது நிமிடம் சொன்னாள். நான் பேனாவை எடுக்கவில்லை. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் இங்கே இல்லை. அது அவளுடையது. கோடு காலியாகவே இருக்கட்டும்.

8

அவளிடம் நோட்டை மூடச் சொன்னேன், இனி தொடமாட்டேன் என்றும் சொன்னேன். அதனால் அன்றைக்குக் கடைசிக் கட்டத்தில் அவள் என்ன எழுதினாள், எழுத எதுவும் மிச்சம் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

ஒரு நாளை வைத்து எதையும் சொல்லமுடியாது என்பார் பகவதி. தெரியும். இருந்தாலும் ஞாயிறு விடிந்ததும் வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுப்பவன்போல முற்றத்துக்குப் போய் நின்று, அவள் அறை ஜன்னலைப் பார்த்தேன். திரை ________